கத்திரி முடிந்தது, வெயில் முடியவில்லை

வேலூர்ப் பக்கம் கோடை ஏற்பாடுகளுக்குத் தேதி குறிக்கும் அலுவலர்களுக்கும், தண்ணீர்ப் பந்தல் வைக்கும் கட்சிக்காரர்கள், கடைக்காரர்கள், சங்கத்தார் எல்லோருக்கும்,

வணக்கம்.

நான் காட்பாடிப் பக்கம் ஒரு பள்ளியில் சமூக அறிவியல் நடத்துகிறேன். அதிலும் புவியியல் என்றால் கொஞ்சம் அதிகமாகவே பேசிவிடுவேன் என்று பிள்ளைகள் சொல்வார்கள். இந்த மடலும் கொஞ்சம் நீளம்தான். வெயில் தாழ்ந்த பிறகு உட்கார்ந்து படியுங்கள்.

பள்ளிக்குப் போகிற வழியில் பேருந்து நிறுத்தத்தை ஒட்டி ஒரு தண்ணீர்ப் பந்தல் இருந்தது. யார் வைத்தது என்று சொல்லப்போவதில்லை. வைத்தவர்களுக்குப் புண்ணியம் சேரட்டும். நாலு சவுக்குக் கம்பு, மேலே தென்னங்கீற்று, கீழே குவித்த மணலில் மூன்று மண்பானை. பானை வயிற்றைச் சுற்றி நனைத்த சிவப்புத் துணி. எவர்சில்வர் டம்ளரை யாரும் தூக்கிக்கொண்டு போகாமலிருக்க மெல்லிய சங்கிலி. பானையிலிருந்து கசிந்த ஈரத்தில் யாரோ சிந்திய கேழ்வரகு முளைத்து, விரல் நீளத்துக்குப் பச்சையாக நின்றது. அந்தச் சாலையிலேயே பச்சையாக இருந்தது அது ஒன்றுதான்.

ஜூன் முதல் வாரத்தில் ஒருநாள் காலை அந்தப் பந்தலைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். கீற்றை இறக்கிக்கொண்டிருந்தவரிடம், "இன்னாண்ணா, அதுக்குள்ள பிரிக்கிறீங்க?" என்றேன்.

"கத்திரிதான் முடிஞ்சிபோச்சே டீச்சர்" என்றார். காலண்டரில் போட்டிருக்கிறதே, உனக்குத் தெரியாதா என்கிற குரல்.

அன்றைக்கு மதியம் பேருந்தில் ஏறும்போது கைப்பிடிக் கம்பியைச் சேலைத் தலைப்பால்தான் பிடிக்க முடிந்தது. மறுநாள் பேப்பரில் சதம் அடித்த ஊர்களின் பட்டியல் வந்தது. திருத்தணி, கரூர் பரமத்தி, மதுரை விமான நிலையம் என்று வழக்கமான ஆட்டக்காரர்களோடு வேலூரும் இருந்தது. நம்மூருக்கு நூறு டிகிரி ஃபாரன்ஹீட் என்பது சச்சின் கணக்கில் ஒரு சதம். அது 37.8 செல்சியஸ்.

அந்தப் பந்தல்காரர் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவருக்கு ஒரு தேதி தெரிந்திருந்தது, அதன்படி நடந்தார். அந்தத் தேதி எங்கிருந்து வந்தது என்பதுதான் என் கேள்வி.

பள்ளி திறந்த முதல் வாரம் பாடம் சூடு பிடிக்காது. அதனால் ஒன்பதாம் வகுப்பில் கேட்டேன்: கோடை எப்போது தொடங்குது, எப்போது முடியுது? பலகையில் இரண்டு பத்தி போட்டுவிட்டு எழுதச் சொன்னேன்.

"முழு ஆண்டுப் பரீட்சை முடிஞ்ச அன்னிக்கு ஆரம்பம், இஸ்கூல் திறக்கிற அன்னிக்கு முடிவு" என்றான் ஒருவன். வகுப்பே கை தட்டியது. "தர்பூசணி வந்தா ஆரம்பம், நுங்கு போனா முடிவு" என்றது ஒரு பெண். அவள் அப்பா தள்ளுவண்டியில் பழம் விற்கிறவர். இன்னொரு பெண், "எங்க ஆயா சிவராத்திரியில இருந்துன்னு சொல்லும்" என்றாள். மே 4 முதல் 28 வரைதான் கோடை, மற்றதெல்லாம் சும்மா வெயில் என்றது ஒரு கட்சி. வானிலைத் துறைக் கணக்கு மார்ச், ஏப்ரல், மே என்று பாடப்புத்தகத்தைப் பார்த்தே சொன்னது முதல் பெஞ்சு. கடைசியில் எழுந்தவன் பொது அறிவுப் போட்டிகளுக்கெல்லாம் போய்வருகிறவன். "கோடை இன்னும் ஆரம்பிக்கவே இல்ல மிஸ். ஜூன் 21தான் முதல் நாள்" என்றான். சிரிப்பு அடங்க ஐந்து நிமிடம் ஆயிற்று. மின்விசிறி சுற்றியும் எல்லோர் சட்டையும் முதுகில் ஒட்டிக்கொண்டிருந்தது.

அவன் சொன்னது அவன் படித்த புத்தகத்தில் சரிதான். ஐரோப்பா, அமெரிக்கா காலண்டர்கள் பலவற்றில் ஜூன் 21 வாக்கில் கோடை தொடங்கி, செப்டம்பர் 22, 23இல் முடியும். ஜூன் 21 அன்று சூரியன் வடக்கே கடகரேகை வரை போய்த் திரும்புகிறது, அவர்களுக்குப் பகல் மிக நீளம். ஆனால் அங்கேயும் சண்டை இல்லாமல் இல்லை. அதே நாளை ஒட்டி வரும் ஜூன் 24ஐ இங்கிலாந்தில் காலங்காலமாக 'கோடையின் நடுநாள்' என்றுதான் சொல்லிவந்தார்கள். தொடங்கிய மூன்றாம் நாளே நடுநாள் வந்துவிடும் கோடை எது? அவர்களுடைய வானிலைத் துறையோ ஜூன் 1இலிருந்து ஆகஸ்ட் 31 வரை என்று மாதக் கணக்கில் போட்டுக்கொள்கிறது. அயர்லாந்தின் பழைய வழக்கப்படி மே 1இலேயே கோடை பிறந்துவிடும். அமெரிக்காவில் சாதாரண ஜனங்களுக்கு மே கடைசித் திங்கள் விடுமுறையிலிருந்து செப்டம்பர் முதல் திங்கள் விடுமுறை வரை. முழுப் பரீட்சை சொன்ன எங்கள் பையனும் அந்த ஊர்க்காரர்களும் ஒரே கட்சி.

நமக்கு ஜூன் 21 ஏன் பொருந்தாது என்பதை வகுப்புக்கு வெளியே, கொடிக்கம்பத்தடியில் காட்டினேன். வேலூர் ஏறத்தாழ 12.9 டிகிரி வடக்கு அட்சரேகையில் இருக்கிறது. சூரியன் நம் உச்சந்தலைக்கு நேராக வருவது வருடத்தில் இரண்டு முறை. ஏப்ரல் 24, 25 வாக்கில் ஒன்று, ஆகஸ்ட் 18 வாக்கில் இன்னொன்று. அந்த நாட்களில் நடுப்பகலில் கொடிக்கம்பத்துக்கு நிழலே இருக்காது, காலடியில் சுருண்டுவிடும். ஜூன் 21 அன்றோ சூரியன் நம்மைத் தாண்டி வடக்கே போயிருக்கும். நடுப்பகல் நிழல் தெற்குப் பக்கம் விழும். வருடத்தில் பெரும்பாலான நாள் வடக்கே விழுந்து பழகிய நிழல் அப்போது தெற்கே விழுவதைப் பிள்ளைகள் நம்பவேயில்லை. கம்பத்தைச் சுற்றிச் சுற்றி வந்தார்கள். அதனால் 'சூரியன் நேர்மேலே' என்பதை வைத்துக் கோடையைக் குறித்தால், ஏப்ரலில் ஒன்று, ஆகஸ்டில் ஒன்று என்று நமக்கு இரண்டு கோடை. பெங்களூரும் ஏறக்குறைய நம் அட்சரேகைதான். அதே சூரியன், அதே நாட்கள். அவர்கள் 900 மீட்டருக்கு மேலே பீடபூமியில் உட்கார்ந்திருக்கிறார்கள், நாம் இருநூறு சொச்சம் மீட்டரில் மொட்டைப் பாறைக் குன்றுகளுக்கு நடுவே கிடக்கிறோம். ஆக, வானத்தை மட்டும் பார்த்துக் கோடைக்கு நாள் குறிக்க முடியாது என்பதற்கு லத்தேரியில் ரயில் ஏறிப் பெங்களூரில் இறங்கினாலே போதும், வேறு சாட்சி வேண்டாம்.

சரி, ஆயாவிடம் வருவோம். சிவராத்திரிக்குப் பனி 'சிவ சிவா' என்று போய்விடும் என்பார்கள். மாசித் தேய்பிறையில் வருவது அது, பெரும்பாலும் பிப்ரவரி கடைசி அல்லது மார்ச் முதல். ஆனால் நாம் பிள்ளைகளுக்கு மனப்பாடம் செய்ய வைக்கும் ஆறு பருவங்களில் மாசியும் பங்குனியும் பின்பனி. சித்திரை, வைகாசி இளவேனில். ஆனி, ஆடி முதுவேனில். பங்குனி உத்திரத்தன்று காவடியோடு தார்ச்சாலையில் வெறுங்காலில் நடக்கிறவரிடம் போய் 'ஐயா, இது பின்பனிக்காலம்' என்று சொல்லிப் பாருங்கள். தைப் பனி தரையைத் துளைக்கும், மாசிப் பனி மச்சைத் துளைக்கும் என்ற பழமொழிகூட மாசியோடு நிறுத்திக்கொண்டதே தவிர, பங்குனிப் பக்கம் போகவில்லை.

பழையவர்கள் இதைக் கவனிக்காமல் இல்லை. தொல்காப்பியம் பாலைத் திணைக்கு வேனிலைப் பொழுதாகச் சொல்லிவிட்டு, பின்பனியும் அதற்கு உரியது என்று சேர்த்துக்கொள்கிறது. இலை உதிர்ந்து, நீர் வற்றி, வழி காய்ந்து கிடக்கும் மாசி பங்குனியும் பாலைக்குச் சேர்ந்ததுதான் என்று எனக்குப் படுகிறது. புலவர்கள் வேறு பொருள் சொன்னால் கேட்டுக்கொள்கிறேன்.

இன்னொரு சங்கதி. நம் சித்திரை முதல் நாள் நட்சத்திரக் கணக்கில் வருவது. பருவங்களோ சூரியன் வடக்கே தெற்கே போவதைப் பொறுத்தவை. பூமியின் அச்சு பம்பரம் தலையாட்டுவது போல மிக மெதுவாக ஆடுவதால், இரண்டு கணக்கும் ஏறத்தாழ 72 வருடத்துக்கு ஒருநாள் விலகுகின்றன. பகலும் இரவும் சமமாகும் மார்ச் 20, 21உம் சித்திரை முதல் நாளும் ஒன்றாக விழுந்தது சுமார் 1,700 ஆண்டுகளுக்கு முன்பு. இப்போது ஏப்ரல் 14. மூன்று வாரத்துக்கு மேல் தள்ளிப்போய்விட்டது. பருவப் பட்டியல் மட்டும் அப்படியே நிற்கிறது, மாதங்கள் அதன் அடியிலிருந்து நழுவிக்கொண்டிருக்கின்றன. ஜவ்வாது மலையில் காவலூரில் வானத்தைப் பார்க்க ஒரு பெரிய தொலைநோக்கியையே வைத்திருக்கிற பகுதி இது. இந்த நழுவலை நாம் கண்டுகொள்ளாமல் இருப்பதுதான் வேடிக்கை. (காவலூர் இப்போது திருப்பத்தூர் மாவட்டம். ஏலகிரியும் அங்கே போய்விட்டது. 1989இல் வட ஆர்க்காட்டை இரண்டாக்கினார்கள், 2019இல் வேலூரை மூன்றாக்கினார்கள். பாகப்பிரிவினையில் மலைக்குளிர் அவர்களுக்கு, கோட்டை அகழியின் வெக்கை நமக்கு.)

இதே நழுவல் கத்திரிக்கும் உண்டு. எங்கள் பக்கம் கத்திரி என்றால் இரண்டு. இலவம்பாடி முள்ளுக் கத்திரிக்காய்க்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. கத்திரி வெயிலுக்கு யாரும் குறியீடு தரவில்லை, தந்தால் வேலூருக்குத்தான் தரவேண்டும். சூரியன் பரணி மூன்றாம் பாதத்தில் நுழைந்து, கார்த்திகையைக் கடந்து, ரோகிணி முதல் பாதத்தை விடும் வரை அக்னி நட்சத்திரம் என்பது பஞ்சாங்கக் கணக்கு. பாதம் என்பது நட்சத்திரத்தின் கால் பங்கு. ஒரு பாதத்துக்கு மூன்று நாள் சொச்சம், ஏழு பாதத்துக்கு இருபத்து நாலு நாள் வாக்கில். மே 4 முதல் 28 என்பது அப்படி வந்தது. அதில் தெர்மாமீட்டருக்கு வேலையே இல்லை. இன்னும் ஆயிரம் வருடம் கழித்து இதே கணக்கில் கத்திரி மே 18 வாக்கில்தான் தொடங்கும். வெயில் அதற்காகக் காத்திருக்குமா என்ன?

கணக்கு தப்பு என்று நான் சொல்லவில்லை. மே மாதம் நம்மூர் கொதிக்கும் மாதம் என்பது உண்மை, பஞ்சாங்கக்காரர்கள் குறி தப்பாமல்தான் வைத்திருக்கிறார்கள். கோயில்களில் சிவலிங்கத்துக்கு மேலே தாராபாத்திரம் கட்டி, சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழ வைப்பதும் அந்த நாட்களில்தான். குடியாத்தம் கெங்கையம்மன் சிரசுத் திருவிழா வைகாசி ஒன்றாம் தேதி, கத்திரியின் நட்டநடுவில். அன்றைக்கு நீங்கள் குடியாத்தத்தில் நடந்து பார்த்திருக்கிறீர்களா? பத்தடிக்கு ஒருவர் கையைப் பிடித்து இழுத்து மோர் கொடுப்பார். ஒரு வாசலில் கூழ், அடுத்த வாசலில் பானகம், அதற்கடுத்த வாசலில் குழாய் வைத்துக் கூட்டத்தின் மேலே தண்ணீர் அடிப்பார்கள். கடும் வெயிலில் எங்கள் ஜனம் எப்படி ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொள்ளும் என்பதற்கு அந்த ஒருநாள் போதும். என் வருத்தம் அதற்கு அடுத்த பக்கத்தில். மே 28ஐக் கிழித்துப் போட்ட பிறகு அந்த மோர்ச் சொம்பெல்லாம் பரணில் ஏறிவிடுகிறது.

2003ஆம் ஆண்டு மே 31 அன்று சென்னை நுங்கம்பாக்கத்தில் 45 டிகிரி பதிவாயிற்று. கத்திரி முடிந்து இரண்டு மூன்று நாள் ஆகியிருந்தது. கடலோர ஊருக்கே அந்தக் கதி.

கத்திரிக்குப் பிறகும் காய்வதற்குக் காரணம் இருக்கிறது. ஜூன் 1 வாக்கில் கேரளத்தில் தென்மேற்குப் பருவமழை பிடிக்கும். செய்தியில் குடை பிடித்த படமாகக் காட்டுவார்கள், நாமும் கோடை போயிற்று என்று நினைத்துக்கொள்வோம். அந்தக் காற்று மேற்குத் தொடர்ச்சி மலைக்கு மேற்கே ஈரத்தைக் கொட்டிவிட்டு இறங்கும்போது உலர்ந்து, சூடேறி வருகிறது. மேற்குக் காற்று பலமாக இருக்கும் நாளில் கிழக்கேயிருந்து வரவேண்டிய கடல்காற்றை அது தடுத்து நிறுத்திவிடும். சென்னைக்கே கடல்காற்று மூன்று மணி, நாலு மணிக்குத்தான் வரும் என்றால், 120 கிலோமீட்டர் வாக்கில் உள்ளே தள்ளியிருக்கிற நமக்கு எப்போது வருவது? நமக்கு விடுதலை தருவது சாயங்கால இடிமழைதான். அது ஆனிக் கடைசியிலோ ஆடியிலோ நாலு மழை பெய்து தரை குளிர்ந்தால்தான் உண்டு. அதுவரை மேற்கே மேகம் கட்டும், மின்னும், காற்று மண்ணை வாரி இறைக்கும். அப்புறம் திருவண்ணாமலைப் பக்கமோ சித்தூர்ப் பக்கமோ போய்ப் பெய்யும்.

பகல் வெயிலை மட்டும் பார்த்தால் பாதிதான் தெரியும். எங்கள் வீடு ஒற்றை மாடி, மேலே ஓடு பதிக்காத தளம். ராத்திரி பத்து மணிக்கு மொட்டை மாடியில் கால் வைத்தால், தோசைக்கல்லை இறக்கி அரைமணி நேரம் ஆன மாதிரி ஒரு சூடு. நாலு குடம் தண்ணீர் ஊற்றினால் முதல் குடம் சர்ரென்று ஆவியாகும், இரண்டாவது மண் வாசனை விடும், மூன்றாவதுதான் நிற்கும். அதன் மேல் பாய் போட்டால் ஒரு மணி நேரம் கண் அசரலாம். மாடியில் இருக்கும் சின்டெக்ஸ் தொட்டியிலிருந்து குழாயைத் திறந்தால் ராத்திரி ஒன்பது மணிக்கும் வெந்நீர். கைக்குழந்தை உள்ள வீடுகளில் வாளியில் பிடித்து ஆறவைத்துக் குளிப்பாட்டுகிறார்கள். இதெல்லாம் ஆனி மாதச் சங்கதி. பேப்பரில் வரும் உச்ச வெப்பத்தில் இந்த ராத்திரிக் கணக்கு வராது.

அரசுக் கணக்கில் 'வெப்ப அலை' என்று ஒன்று இருக்கிறது. இந்திய வானிலைத் துறை அதற்குத் தரும் விளக்கத்தைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும்போதெல்லாம் எனக்கே ஒரு நெருடல். சமவெளியில் முதலில் 40 டிகிரியைத் தொடவேண்டும். அதற்கு மேல், அந்த ஊரின் வழக்கமான உச்சத்தைவிட 4.5 டிகிரி கூடியிருக்கவேண்டும். அல்லது நேரடியாக 45ஐத் தொடவேண்டும். ஒரு வானிலை உட்கோட்டத்தில் குறைந்தது இரண்டு நிலையங்களில், இரண்டு நாள் தொடர்ந்து இருந்தால்தான் அறிவிப்பார்கள். மே மாதத்தில் வேலூரின் வழக்கமே 39 பக்கத்தில். அதற்கு மேல் 4.5 என்றால் 44ஐ ஒட்டிப் போகவேண்டும். அதாவது, வழக்கமாகவே அதிகம் அடி வாங்குகிறவன் இன்னும் பலமாக அடி வாங்கினால்தான் அது அடி. 41, 42 டிகிரியில் பத்து நாள் வெந்தாலும் காகிதத்தில் வெப்ப அலை இல்லை.

இது வெறும் சொல் விவகாரம் என்று தள்ளிவிட முடியாது. வெப்ப அலையை மாநிலப் பேரிடராகத் தமிழ்நாடு அரசு 2024 அக்டோபரில் அறிவித்தது. அதில் இறந்தவர் குடும்பத்துக்கு நாலு லட்சம் ரூபாய் நிவாரணம் உண்டு. நல்ல முடிவு, மனமாரச் சொல்கிறேன். பேரிடர் என்று பெயர் வைத்த பிறகு, எது வெப்ப அலை, எப்போது தொடங்கியது, எப்போது முடிந்தது என்ற வரையறைக்குக் கனம் கூடிவிடுகிறது. ஆனி பத்தாம் தேதி சித்தாள் வேலையில் மயங்கி விழுகிற பெண்ணை 'கோடை முடிந்த பிறகு விழுந்தவள்' என்று யாரும் எழுதிவிடக்கூடாது அல்லவா?

தேதியை நம்பினால் என்ன ஆகும் என்று எங்கள் பள்ளிக்கல்வித் துறைக்கு நன்றாகத் தெரியும். 2017இல் ஜூன் 1 என்றிருந்த பள்ளித் திறப்பு வெயிலால் 7ஆம் தேதிக்குப் போயிற்று. 2023இல் ஜூன் முதல் வாரம் என்றார்கள், 7 என்றார்கள், கடைசியில் ஆறாம் வகுப்பு முதல் மேலே உள்ளவர்களுக்கு 12, சின்னப் பிள்ளைகளுக்கு 14 என்று முடிந்தது. 2024இல் 6ஆம் தேதி 10ஆம் தேதியாயிற்று. ஒவ்வொரு முறையும் தைத்த சீருடையை மடித்து வைத்துக்கொண்டு பெற்றோர் டிவியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தள்ளிவைத்தது சரியான முடிவுதான். கத்திரி முடிந்தும் வெயில் முடியவில்லை என்று அரசே ஒப்புக்கொண்ட ஆண்டுகள் இவை. அந்த ஒப்புதல் பள்ளிக்கூட வாசலோடு நின்றுவிடுகிறது. செங்கல் சூளைக்கும், சாலை போடும் இடத்துக்கும், நூறு நாள் வேலை நடக்கும் ஏரிக்கரைக்கும் அது போகவில்லை.

வீட்டுக்குள் வேலை பார்க்கிறவர்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். குடியாத்தம் பக்கம் எனக்குத் தெரிந்த ஒரு அக்கா பீடி சுற்றுகிறார். முறத்தை மடியில் வைத்து, வெட்டிய இலையில் தூளைப் போட்டுச் சுருட்டவேண்டும். மின்விசிறி போட்டால் தூள் பறக்கும், இலை காய்ந்து உடையும். அதனால் கூரைக்குக் கீழே விசிறி தொங்குகிறது, சுவிட்சு மட்டும் போடுவதில்லை. "கரண்டு பில் மிச்சம்" என்று சிரிப்பார். கழுத்தில் ஈரத்துண்டு. எப்போது துண்டை எடுப்பீர்கள் என்று கேட்டேன். "ஆடிக் கூழ் ஊத்தட்டும், பார்க்கலாம்" என்றார்.

இத்தனை விளக்கங்களில் எனக்குப் பிடித்தது எங்கோ இருக்கும் ஸ்வீடன் நாட்டுக் கணக்கு. அங்கே வானிலைத் துறை கோடைக்குத் தேதி வைப்பதில்லை. ஒரு நாளின் சராசரி வெப்பம் தொடர்ந்து ஐந்து நாள் 10 டிகிரியோ அதற்கு மேலோ இருந்தால், அந்த ஊருக்கு அன்றிலிருந்து கோடை. தெற்கே முன்னால் வரும், வடக்கே பின்னால் வரும். ஊருக்கு ஊர் வேறு நாள், வருடத்துக்கு வருடம் வேறு நாள். பத்து டிகிரியில் கோடையா என்று வகுப்பே கூவியது. நம் மார்கழி நாளின் சராசரியே அதைப்போல இரண்டு பங்குக்கு மேல். அளவை விடுங்கள், முறையைப் பாருங்கள்: காலண்டரைக் கேட்காமல் காற்றைக் கேட்கிறார்கள்.

நாமும் அப்படி ஒன்று வைத்துக்கொள்ளலாம் என்பதுதான் நான் சொல்ல வந்தது. வேலூரில் வானிலை நிலையம் இருக்கிறது, தினமும் அளக்கிறார்கள், பேப்பரில் சதம் என்று போடுகிறார்கள். அதே சதத்தை வைத்துக்கொள்வோம். மாசி, பங்குனியில் தொடர்ந்து ஐந்து நாள் 100ஐத் தொட்டால் கோடை ஏற்பாடுகள் தொடங்கட்டும், மார்ச் மாதமாக இருந்தாலும் சரி. முடிவுக்கு இன்னும் கொஞ்சம் பொறுமை வேண்டும். நடுவில் ஒரு கோடைமழை பெய்து நாலு நாள் குளிர்ந்தால் உடனே பந்தலைப் பிரிக்கக்கூடாது. மாம்பழக்காலத்து மழை நம்மை எத்தனையோ முறை ஏமாற்றியிருக்கிறது. ஜூன் முடிந்து, பத்து நாள் சேர்ந்தாற்போல் சதம் அடிக்காமல் இருந்தால் கோடை முடிந்தது என்று எழுதலாம். பத்து நாளா, ஏழு நாளா, ராத்திரி வெப்பத்தையும் சேர்ப்பதா என்பதெல்லாம் வானிலை தெரிந்தவர்கள் உட்கார்ந்து பேசவேண்டியது. நான் ஒன்பதாம் வகுப்பு ஆசிரியை, என் கணக்கில் ஓட்டை இருக்கும்.

இதில் ஒரு சங்கடம் உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். தேதி என்றால் எல்லோருக்கும் சுலபம். உத்தரவில் ஒரு வரி, காலண்டரில் ஒரு வட்டம். வெப்பத்தைப் பார்த்து முடிவு என்றால் தினமும் யாராவது பார்க்கவேண்டும். ஒப்பந்தக்காரர், 'நாளைக்கு வேலை எத்தனை மணிக்கு சார்?' என்று கேட்பார். அவருக்குப் பதில் சொல்ல ஆள் வேண்டும். என் கொழுந்தனார் மேஸ்திரி வேலை பார்க்கிறவர், அவரிடம் இதைச் சொன்னபோது சிரித்தார். "அண்ணி, கான்கிரீட் போடுற அன்னிக்கு வெயிலப் பார்த்துத்தான் நாங்க காலையில அஞ்சு மணிக்கே ஆரம்பிக்கிறோம். தளம் வெடிக்கக் கூடாதுன்னு சாக்கு நனைச்சிப் போட்டு, பாத்தி கட்டித் தண்ணி நிறுத்துறோம். கான்கிரீட்டுக்குப் பார்க்கிறத ஆளுக்குப் பார்க்க முடியாதா?" என்றார். அவர் கேட்டதற்கு மேல் நான் சேர்க்க ஒன்றும் இல்லை.

ஆகவே அலுவலர்களே, அடுத்த வருடக் கோடை உத்தரவை எழுதும்போது 'மே மாதம் முடிய' என்ற சொற்களை எடுத்துவிட்டு, 'வெப்பம் தணியும் வரை' என்று போட்டு, தணிவது என்றால் என்ன என்று ஒரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள். வெட்டவெளி வேலைகளுக்கு நடுப்பகல் 12 முதல் 3 மணி வரை ஓய்வு என்றால், அது ஜூனிலும் இருக்கட்டும். பள்ளி திறந்துவிட்டது என்பதற்காக விளையாட்டுப் பாடவேளையை மதியத்தில் வைக்காமலிருக்க எங்களுக்கும் ஒரு சுற்றறிக்கை வரட்டும், நாங்களும் தவறுகிறோம். பந்தல் வைக்கிற அண்ணன்களே, திறப்பு விழாவுக்குத் தலைவர் வருகிறார், தர்பூசணி வெட்டுகிறார், படம் எடுக்கிறீர்கள், எல்லாம் நல்லது. பந்தல் பிரிக்கிற அன்றைக்கும் யாராவது ஒருவர் வந்து, பகல் ஒரு மணிக்கு அந்த இடத்தில் பத்து நிமிடம் நின்று பார்த்துவிட்டு அப்புறம் பிரிக்கச் சொல்லட்டும்.

இதை எழுதுகிற இன்றைக்கு ஆனி ஆறாம் தேதி. பேருந்து நிறுத்தத்தில் பந்தல் நின்ற இடத்தில் நாலு குழியும் மூடாமல் அப்படியே இருக்கின்றன. மணல் குவியலையும் யாரும் அள்ளவில்லை. கேழ்வரகு காய்ந்துவிட்டது. பானை மூன்றும் பக்கத்துப் பெட்டிக்கடைக்குப் பின்னால் கவிழ்த்து வைத்திருக்கிறது, கடைக்காரரிடம் கேட்டு உறுதிசெய்துகொண்டேன். கம்புகளை நட அரைமணி நேரம் போதும் என்றார். தண்ணீர் ஊற்ற எங்கள் ஒன்பதாம் வகுப்பு தயாராக இருக்கிறது.

இப்படிக்கு,
காட்பாடியிலிருந்து ஒரு சமூக அறிவியல் ஆசிரியை